இடப்பக்கக் கண்ணாடி இல்லாத வண்டி

மக்கா,

செவ்வாய்க்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். சார்ஜ் தீர்ந்துபோனது என்று உன் அப்பா பிறகு உன்னைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். அது பொய். சார்ஜ் நிறைய இருந்தது. கோபம் வந்தது, வைத்தேன். உன் இருபத்தாறு வயதில் நான் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் இது. போனில் என்றால் "அம்மா, நான் சொல்லத மொதல்ல கேளுங்க" என்று பத்துத் தடவை சொல்வாய். நான் சொல்வதை ஒரு தடவையும் கேட்கமாட்டாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருக்கிறது. காலை இட்லி மாவு எல்லாம் கடைகளில் போட்டுவிட்டு வந்து, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுக்களை மேசையில் இருந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து படி.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றிச் சொன்னேன் என்று பிறகு சொல்லக்கூடாது பார். "அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி அந்தச் சவத்து வண்டிய எங்கயாவது தள்ளி விட்டுருங்க. பொண்ணு வீட்ல தாற வண்டி பக்கத்துல அது நின்னா கேவலமா இருக்கும். என் ஆபீஸ் ஆளுங்கல்லாம் வாறாங்க." சவம் என்பது நம் ஊரில் பெரிய வசவு இல்லை. கரண்ட் போனாலும் சவம், பால் பொங்கினாலும் சவம், நான் கிரைண்டரையே தினம் அப்படித்தான் சொல்கிறேன். அந்த வார்த்தை எனக்கு வலிக்கவில்லை. "கேவலம்" என்றாயே, அதுதான் போனை வைக்க வைத்தது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியை விற்கமாட்டேன். யாருக்கும் சும்மாவும் கொடுக்கமாட்டேன். கல்யாணத்தன்று அது மண்டப வாசலுக்கு நேரே, பன்னீர் தெளிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

அந்த வண்டி வந்த கதை உனக்குப் பாதிதான் தெரியும். அப்போது நீ ஒன்பதாம் வகுப்பு. நான் இரண்டு வாளி இட்லி மாவோடு முதல் பஸ்ஸில் வடசேரிக்குப் போவேன். "இது பஸ்ஸா, லாரியாக்கா?" என்று கண்டக்டர் கேட்காத நாள் கிடையாது. ஒரு நாள் பிரேக் போட்டதில் வாளி சரிந்து, ஆபீசுக்குப் போகிற ஒரு மனிதரின் ஷூ முழுக்க மாவு. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. காலை மட்டும் நீட்டினார். அத்தனை பேருக்கு முன்னால் குனிந்து என் முந்தானையால் அந்த ஷூவைத் துடைத்தேன். துடைத்து நிமிர்ந்தபோதே முடிவு செய்துவிட்டேன், இனி இந்த பஸ்ஸில் மாவு ஏறாது என்று.

ஷோரூமுக்கு நானும் உன் அப்பாவும் போனோம். அங்கிருந்த பையன் என்னைத் தாண்டி அப்பாவிடம்தான் எல்லாம் சொன்னான். உன் அப்பாவைத் தெரியுமே, யார் என்ன கேட்டாலும் என் முகத்தைத் திரும்பிப் பார்ப்பார். அப்படியே பார்த்தார். இருக்கிறதிலேயே விலை குறைந்தது எது என்று நான் கேட்டேன். மூலையில் நின்ற ஒரு வெள்ளை வண்டியைக் காட்டினான். காட்டிவிட்டு அதில் என்னவெல்லாம் இல்லை என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தான். "ஏசி கிடையாது மேடம். ஜன்னல் கண்ணாடிய கையால சுத்தணும். பாட்டுப் போட முடியாது. வெளிய பாக்கக் கண்ணாடி வலப்பக்கம் மட்டும்தான், இடப்பக்கம் வராது. சாரோட கவுரவத்துக்கு இதுக்கு அடுத்த மாடல்தான் சரியா இருக்கும்." நான் கேட்டேன், "மழை பெய்தா உள்ள நனையுமா தம்பி?" நனையாது என்றான். "நாலு சக்கரமும் தருவியளா?" சிரித்துவிட்டான். "பொறவென்ன, சாரோட கவுரவத்த நாங்க வீட்ல வச்சிருக்கோம். இதையே எழுதுங்க" என்றேன்.

இல்லாத அந்த இடப்பக்கக் கண்ணாடிக்கு ஆள் கிடைத்தது எப்படி என்று உனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கு ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை வியர்க்கும், அவர் ஓட்டப் படிக்கவே இல்லை. ஆனால் முதல் நாளே முன்சீட்டில் ஏறி, கண்ணாடியைச் சுற்றி இறக்கி, தலையை வெளியே நீட்டி, "வரலாம், வரலாம்... பொறு, ஒரு ஆடு நிக்கி" என்று தொடங்கினவர்தான். பதினோரு வருஷமாகக் காலையில் என்னோடு வருகிறார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒரு கண்ணாடி வாங்கி மாட்டினால் முடிந்தது. ஒரு தடவை சொன்னேன். அன்றைக்கு மத்தியானம் முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. அத்தோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

நான் ஓட்டப் படிக்கும்போது எனக்கு நாற்பத்தைந்து வயது. வடசேரி முக்கில், சந்தைக்கு வருகிற லாரியும் பஸ்ஸும் நெருக்கிக்கொண்டு நிற்கிற நேரத்தில், வண்டி அணைந்துபோனது. சாவியைத் திருப்பத் திருப்ப அது இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. பின்னால் பஸ்காரன் ஹாரனில் கை வைத்தவன் எடுக்கவே இல்லை. பிறகு தலையை நீட்டி, "ஏட்டி, அடுப்படில கெடக்காம ஒனக்கு என்னத்துக்கு வண்டி?" என்றான். நான் இறங்கினேன். பயம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயத்தோடுதான் அவன் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். "அடுப்படில இருந்துதாம்ல வாறேன். நீ காலம்பற எந்த ஓட்டல்ல இட்லி தின்னியோ அதுக்கு மாவு இந்த வண்டிலதான் போவுது. ரெண்டு நிமிசம் பொறு" என்றேன். பஸ்ஸுக்குள் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டான், பாவம். அதற்குப் பிறகு அந்த முக்கில் எனக்கு வழி விட்டுத்தான் போவான்.

நீயும் அந்த வண்டியைப் பார்த்துச் சிரித்தவன்தான், ஆனால் அது வேறு சிரிப்பு. வாங்கின முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் வட்டக்கோட்டைக்குப் போனோமே, கடல் காற்றில் மண் அப்பிவிட்டது என்று உன் பனியனைக் கழற்றி நீ வண்டியைத் துடைத்தாய். கடியப்பட்டணத்தில் ஒரு கடைக்கு மாவு போட்டுவிட்டுத் திரும்பும்போது மணலில் சக்கரம் புதைந்ததும் நினைவிருக்கும். வலை உலர்த்திக்கொண்டிருந்த நாலு பேர் வந்தார்கள். தள்ளுவார்கள் என்று பார்த்தால், ஆளுக்கொரு மூலையைப் பிடித்து அப்படியே தூக்கி ரோட்டில் வைத்தார்கள். "பெரிய வண்டின்னா மிசினு வரணும் அக்கா. இது நம்ம கட்டுமரத்தக் காட்டிலும் லேசுல்லா" என்று ஒருவர் சொன்னார். அதை நீ ஒரு வாரம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

பிறகு எப்போது இந்தக் கூச்சம் வந்தது? எனக்குத் தெரியும். திருநெல்வேலியில் உன்னைக் காலேஜில் சேர்க்கப் போன நாள். கேட்டுக்கு ஒரு தெரு முன்னாலேயே, "இங்கேயே நிப்பாட்டுங்கம்மா, நான் நடந்துக்கிடுவேன்" என்றாய். பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தாய். "பயலுக்கு நல்ல ஒடம்பு" என்றார் உன் அப்பா, ஒன்றும் புரியாத மாதிரி. எனக்குப் புரிந்தது. அன்றைக்கே உன்னைப் பின்னாலிருந்து கூப்பிட்டு, "லேய், இங்க வா. இந்த வண்டிக்குள்ள புளிச்ச மாவு நாத்தம் அடிக்கில்லா, அந்த நாத்தம்தாம்ல நீ படிக்கப்பட்ட படிப்பு" என்று சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை முதல் நாள் போகிறான், முகம் வாடக்கூடாது என்று விட்டுவிட்டேன். அது என் முதல் தப்பு. அன்றைக்கு ஒரு தெரு தள்ளி நிறுத்தினேன். இன்றைக்கு நீ அதை ஊரைவிட்டே தள்ளச் சொல்கிறாய்.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. அதை எழுதத்தான் இத்தனை சுற்று சுற்றுகிறேன். சுபாவை உனக்குப் பெண் பேசி முடிக்கப் போனோமே, அன்றைக்குக் காப்பி குடித்து முடிந்ததும் உன் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "நாங்க கேக்கதுக்கு ஒண்ணுமில்ல. பையன் பெங்களூர்ல இருக்கான். நாலு பேரு பாக்கப்பட்ட மாதிரி ஒரு பெரிய வண்டி, அது நீங்க செய்வியள்லா" என்றார். சுபாவின் அப்பா, பலசரக்குக் கடை வைத்திருக்கிற அண்ணாச்சி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர் பார்த்தது உன் பெரியப்பாவையும் இல்லை, உன்னையும் இல்லை. என்னைப் பார்த்தார். வாசலில் அந்தக் குட்டி வண்டியை ஓட்டி வந்து நிறுத்தினவள் நான். இவள் வேண்டாம் என்று சொல்வாள் என்று நினைத்திருப்பார். நான் தட்டிலிருந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்தேன். வாயில் பலகாரம் இருந்ததால் பேசவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "செய்யலாம்" என்றார் அவர்.

ஏன் சும்மா இருந்தேன் என்று கேட்பாய். ஆசைதான், வேறென்ன? பதினோரு வருஷமாக இந்தத் தெரு என் வண்டியைச் சோப்புப்பெட்டி என்கிறது. நம் வாசலிலும் ஒரு பெரிய வண்டி நிற்கட்டும், இவர்கள் வாய் அடையட்டும் என்று எனக்கும் இருந்தது. யாரோ ஒருவர் தலையில் ஏற்றி என் கவுரவத்தை வாங்கிக்கொள்ளப் பார்த்தேன். அன்றைக்கு அந்த ஷோரூம் பையனுக்கு முன்னால் அவ்வளவு பேசினவள்தான் நான்.

போன வெள்ளிக்கிழமை வடசேரி முக்கில் எனக்கு முன்னால் ஒரு டிரைவிங் ஸ்கூல் வண்டி அணைந்து நின்றது. கடையில் மாவுக்குக் காத்திருக்கிறார்கள், வெயில் ஏறுகிறது. ஹாரன் அடித்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முன் வண்டியின் கண்ணாடி இறங்கி, பயந்த முகம் ஒன்று திரும்பிப் பார்த்தது. சுபா. எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. ஓரத்தில் நிறுத்தி, அப்பாவை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, அவளை அழைத்துக்கொண்டு போய்ச் சாத்துக்குடி ஜூஸ் வாங்கிக் கொடுத்தேன். "நான் ஓட்டப் படிக்கது ஒங்க மகனுக்குத் தெரியாது அத்தே. சொல்லிராதீங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். "புது வண்டில நீ கைவச்சிராத, கீறல் விழும்னு சொல்லிட்டாங்க. நான் சும்மா படிச்சு வைக்கேன்" என்றாள். பிறகு ஸ்டிராவால் கிண்டிக்கொண்டே, சாதாரணமாக, "அப்பா லோடு வண்டிய விலை பேசியாச்சு. கல்யாணத்துக்கு முன்ன ஆளு வந்து எடுத்துக்கிடுவான். இனி ஆட்டோவிலதான் கடைக்குச் சரக்கு" என்றாள். நீ வேண்டாம் என்று சொல்லவில்லையா என்று கேட்டேன். "நான் சொன்னா நிக்குமா அத்தே? கேட்டது ஒங்க வீட்ல இருந்துல்லா."

யோசித்துப் பார். தினமும் ஓடிச் சோறு போடுகிற வண்டியை ஒரு மனிதர் விற்கிறார். நீ சனி ஞாயிறு துடைத்து வைக்க ஒரு வண்டி வாங்குவதற்கு. அதில் அவர் மகள் கைவைக்கக்கூடாது. நான் வாளி சுமந்து பஸ்ஸில் போன மாதிரி இனி அவர் ஆட்டோவுக்காகச் சந்தை வாசலில் நிற்க வேண்டும். இவ்வளவும் தெரிந்த பிறகும் வெள்ளி முதல் செவ்வாய் வரை நான் ஒன்றும் செய்யவில்லை. கல்யாண வேலை, அப்பளம், பாத்திரம் என்று ஒளிந்துகொண்டேன். செவ்வாய் நீ போன் செய்தாய். அதற்கு உனக்கு நன்றி. நீ அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் இன்னும் ஒளிந்துகொண்டுதான் இருந்திருப்பேன்.

புதன்கிழமை காலை உன் பெரியப்பா வீட்டுக்குப் போனேன். சபையில் கேட்டதைச் சபையில்தான் திருப்ப வேண்டும், அதுவும் கேட்ட வாயே திருப்ப வேண்டும். நான் மட்டும் போய்ச் சொன்னால், அது பொம்பளை பேச்சு என்று ஒரு மாதத்தில் புரட்டிவிடுவார்கள். "சம்பந்தி வீட்ல ஒரு பேச்சு விட்டுப்போச்சு அத்தான், வாங்க" என்றேன். பெரிய உடம்பு, முன்சீட்டில்தான் கொள்ளும். அப்பா பின்னால் மாவு வாளிகளோடு உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டியதும், அண்ணாச்சி லோடு வண்டியை விற்கிறார், கேட்ட நீங்களே கார் வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று விஷயத்தைச் சொன்னேன். "வண்டிய நிப்பாட்டு" என்றார். நிறுத்தவில்லை. "ஊர்ல என்ன சொல்லுவான் தெரியுமா?" என்றார். "ஊரு பதினோரு வருசமாச் சொல்லுகு அத்தான், வண்டி ஓடிட்டுத்தான் இருக்கு" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடப்பக்கம் திரும்புகிற இடம் வந்தது. "அத்தான், அந்தப் பக்கம் எதாவது வருதா?" அவர் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியை அங்கேயே நிறுத்தி மறுபடி கேட்டேன். பின்னால் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் வேறு வழியில்லாமல் தலையை வெளியே நீட்டி, "ஒரு டெம்போ வருகு, பொறு... இப்பம் போலாம்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு திருப்பத்துக்கும் கேட்காமலே சொன்னார். பின்சீட்டில் உன் அப்பா வேலை போன ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சுபா வீட்டு வாசலில் அந்த லோடு வண்டியைக் கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தார்கள், கொடுத்துவிடுவதற்காக. பெரியப்பா அதைச் சுற்றி ஒரு நடை நடந்தார். உள்ளே போய் உட்கார்ந்து, நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே சொன்னார்: "அண்ணைக்கு வண்டி கேட்டது நான். அது வேண்டாம். நீங்க வாங்கப்பிடாது." அண்ணாச்சியின் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்து, "தங்கச்சி, மனசறிஞ்சு சொல்லுங்க. பிள்ளைட்ட எதும் கொறை கண்டியளா?" என்றார். அந்தக் கேள்வியை நான் சாகிற வரை மறக்கமாட்டேன். கார் வேண்டாம் என்றால் பெண் வேண்டாம் என்றுதான் அந்த மனிதருக்குக் கேட்கிறது. அந்த அளவுக்கு நாம் அவரை ஆக்கி வைத்திருக்கிறோம். "கொறை எங்கட்ட அண்ணாச்சி. ஒங்க பிள்ளைய நான் வெள்ளிக்கிழமையே கையில பிடிச்சிட்டேன், இனி விடமாட்டேன்" என்றேன். கதவோரம் நின்ற சுபா, "அப்பா, லோடு வண்டிக்கு வாங்கின அட்வான்ச இண்ணைக்கே குடுத்துருங்க" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசினது. அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார்.

ஆகையால், பெரிய வண்டி வராது. உன்னைக் கேட்காமல்தான் செய்தேன். கேட்கவும் மாட்டேன், அவர்களிடம் வண்டி கேட்டபோது உன்னிடம் சொல்லிவிட்டா கேட்டார்கள்? அன்றைக்கு நீயும் பக்கத்து நாற்காலியில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்துதானே இருந்தாய். கோபப்படு, அது உன் இஷ்டம். உனக்குப் பெரிய வண்டி வேண்டுமானால் உன் சம்பளத்தில் வாங்கு. முதல் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தின் கீழ் நானே வந்து வைக்கிறேன். அதன் சாவி இரண்டில் ஒன்று சுபாவிடம் இருக்க வேண்டும். கீறல் விழுந்தால் விழட்டும். உன் ஆபீஸ்காரர்கள் இது யார் வண்டி என்று கேட்டால் என்னிடம் அனுப்பு. நான் சொல்லிக்கொள்கிறேன்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் சுபாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட். பாஸாகிவிடுவாள், நேற்று மத்தியானம் நம் களத்தில் வைத்து ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிப் பார்த்தேன், கை சுத்தம். தாலி கட்டி, சாப்பிட்டு முடிந்து, மண்டபத்திலிருந்து நம் வீட்டுக்கு வருகிற வண்டியை அவள்தான் ஓட்டுவாள். பட்டுச்சேலையோடு கிளட்ச் மிதிக்க வருமா என்று பயந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு மிதி என்று சொல்லியிருக்கிறேன். நானும் அப்பாவும் பின்சீட்டில். நீ முன்னால், இடப்பக்கம். அந்தப் பக்கம் கண்ணாடி கிடையாது, மறந்துவிடாதே. அவள் திரும்பும்போதெல்லாம் தலையை நீட்டிப் பார்த்து, வரலாம் என்றோ பொறு என்றோ நீதான் சொல்ல வேண்டும். மாலை உறுத்தினால் கழற்றி மடியில் வைத்துக்கொள். அந்த வேலையை உனக்கு விட்டுத்தர உன் அப்பா சம்மதித்துவிட்டார், ஒரு நாளைக்கு மட்டும்.

இதெல்லாம் உனக்குக் கேவலம் என்று தோன்றினால், மண்டபத்திலிருந்து வடசேரி பஸ் ஸ்டாண்டு நடக்கிற தூரம்தான். நம் ஊருக்குப் பஸ் உண்டு. நாங்கள் மூன்று பேரும் முன்னால் போய், விளக்கேற்றி, கதவைத் திறந்து வைத்திருப்போம்.

அம்மா